அடுப்படியில் வைத்துச் சொன்னது

ஸ்ரீவில்லிபுத்தூர்
11 ஜூன் 1989

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஞானசிகாமணிக்கு அக்கா பரிபூரணம் எழுதுவது.

நீ விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த அன்றைக்கு என் அடுப்படியில் இருந்தது நாலு பேர். அடுப்புக்கு முன்னால் நான். தண்ணீர்க் குடத்தை ஒட்டி மணையில் ஜெயபாய். பின்வாசல் படியில், உள்ளே வராமல், பக்கத்து வீட்டுப் பத்மாசனி மாமி. கறிவேப்பிலை கொடுக்க வந்தவர்கள் பேச்சு ருசியில் உட்கார்ந்துவிட்டார்கள். நாலாவது நீ. ஆலயத்தில் ஜெபம் முடித்து வந்த அங்கியைக்கூடக் கழற்றவில்லை. அத்தான் ராஜபாளையத்தில் மில் வேலையில் இருந்தார்கள். வேறு குஞ்சு குருமான் யாரும் இல்லை.

இதை இவ்வளவு திட்டமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்று ஜெயபாய் சொன்ன பேச்சு இன்றைக்குச் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. மாமிக்கு நம் சபையில் ஒருத்தரையும் தெரியாது. ஜெயபாய் தன் வயிற்றில் பிறந்த மகளிடமே இத்தனை வருஷம் மூடி வைத்தவள். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவள் நான். கழித்துப் பார்த்தால் நீதான் மிச்சம் நிற்கிறாய்.

நடந்ததைச் சொல்கிறேன். கோடை விடுமுறையில் குருமாணவன் ஒருவன் ஊழியப் பயிற்சிக்கு இங்கே வந்திருந்தான். அவன்தான் நம் சபைக் குருவானவர் வேதமாணிக்கம் ஐயரிடம், “உங்க ஊர்ல பிறந்து இங்கிலாந்துல இருக்கிற டாக்டர் ஐயா உங்க சபையைப் பத்தி எழுதியிருக்காங்களே, வாசிச்சிருக்கீங்களா” என்று பெருமையாகச் சொல்லி, பிரதி எடுத்தும் அனுப்பியிருக்கிறான். போன ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடியது. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காக நானும் அதில் இருக்கிறேன் அல்லவா. ஐயர் உன் ஆங்கிலத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். உன் பெயரை அச்சில் பார்க்க எட்டி எட்டிப் பார்த்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது. “இச்சபையில் ஒரு விதவை இருக்கிறாள். அன்னபாக்கியம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். திருவிருந்துக்கான பலிபீடத் துணியை வாரந்தோறும் துவைத்து மடிப்பவள் அவளே. பிள்ளை வேண்டி மலையடிவாரத்து அம்மன் கோவில் மரத்தில் தொட்டில் கட்டியதும் அதே கைகள்தாம்.”

பொருளாளர் தங்கச்சாமி அண்ணன் சொன்னார்: “இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? பேரைத்தான மாத்தியிருக்காவ. துணி துவைக்குத ஆளை மாத்தலையே.”

அந்த நேரம் பார்த்து ஜெயபாய் பக்கத்து அறையில் அதே துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பவும், “என்ன, எல்லாரும் இப்பிடிப் பாக்கிய? துணியில கறையா?” என்று கேட்டாள்.

தம்பி, நான் தரையைப் பார்த்தேன்.

ஆகஸ்டு கமிட்டியில் முடிவு செய்வார்களாம். அதுவரை அவள் பலிபீடத் துணியைத் தொடக்கூடாது, திருவிருந்தில் சேரக்கூடாது. அந்தப் பெண் ஜெயபாய்தானா என்று ஐயர் உனக்கு எழுதிக் கேட்பார். அவள் இல்லை என்று நீ ஒரு வரி எழுதிவிடு. உன் சொல்லுக்கு மேலே யாரும் பேசமாட்டார்கள். ஒரு குருவானவரைப் பொய் எழுதச் சொல்கிறேன். எழுதும்போதே கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

உன் அக்கா
பரிபூரணம்


யார்க்ஷயர்
28 ஜூன் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேர்வுத்தாள்கள் திருத்தும் காலமாதலால் உடனே பதில் எழுத இயலவில்லை. மன்னிக்கவும்.

நடந்தது வருத்தத்திற்குரியது. ஆயினும் சில விளக்கங்கள் தேவை. இத்தகைய ஆய்வுகளில் பெயரை மாற்றி எழுதுவது நெறி. மாற்றியே எழுதினேன். ஊர்ப் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. ‘தென் தமிழகத்தில் மலையடிவாரத்துச் சிறு நகரம்’ என்றுதான் இருக்கும். உலகில் அக்கட்டுரையைப் படித்தவர்கள் ஒரு பேருந்துக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களில் ஒருவன் உங்கள் ஊருக்குக் கோடை ஊழியத்துக்கு வருவான் என்று நான் எப்படி நினைத்திருக்க முடியும்?

மேலும் நான் ஜெயபாய் அக்காவை இழிவாக எழுதவில்லை. உயர்த்தித்தான் எழுதியிருக்கிறேன். ஒரே மனிதரின் கையில் இரண்டு பக்திகளும் சண்டையில்லாமல் இருக்கின்றன என்பதே என் வாதம். ஆகையால்தான் துணியைப் பற்றிய விவரத்தை நீக்க முடியவில்லை. அதை நீக்கினால் கட்டுரையே இல்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியவேண்டும். வன்னியம்பட்டிப் பள்ளியிலிருந்து பாளையங்கோட்டைக் கல்லூரி, பிறகு குருப்பட்டம், தேவதானத்தில் சின்ன ஐயராக மூன்று வருஷம், இங்கே டாக்டர் பட்டம் என்று நான் வந்த வழி உனக்குத் தெரியும். ஞாயிறன்று ஆங்கிலிக்கன் ஆலயத்தில் நிற்கிறேன். திங்களிலிருந்து பல்கலைக்கழகத்தில் நிற்கிறேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஆலயத்தார் என்னைப் படிப்பாளி என்று தள்ளிவைக்கிறார்கள், பல்கலைக்கழகத்தார் பாதிரி என்று தள்ளிவைக்கிறார்கள். இப்போதுதான் பதவி உயர்வுக்கு என் பெயர் போயிருக்கிறது. அக்டோபரில் குழு கூடும். அவர்கள் முன்னால் இருக்கும் என் எழுத்துகளில் முதன்மையானது இந்தக் கட்டுரைதான். அப்படி ஒரு பெண் இல்லை என்று நானே எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

ஐயரின் கடிதம் இன்னும் வரவில்லை. வந்தால் பக்குவமாகப் பதில் எழுதுவேன். அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி
ஞானசிகாமணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14 ஜூலை 1989

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். “உன் தம்பி நல்லா எழுதுதான். நமக்குத்தான் புரியல” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

ஜெயபாயை உயர்த்தியிருக்கிறேன் என்கிறாய். எங்கே உட்காரவைத்து உயர்த்தியிருக்கிறாய் என்று சொல்கிறேன் கேள். இம்மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து. பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். எங்கள் பெஞ்சின் முறை வந்ததும் அவள் எழவில்லை. மற்றவர்களுக்கு வழி வேண்டுமே, காலை ஒருக்களித்து வைத்துக்கொண்டாள். எல்லோரும் அவள் முட்டியைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். நானும் தாண்டித்தான் போனேன். அப்பத்தைக் கையில் வாங்கினேன், விழுங்கினேன். என்ன ஜெபித்தேன் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது மறுபடியும் அதே முட்டி.

துணி துவைக்க வேறு ஆள் வேண்டும் என்று ஐயரம்மா என்னிடம் வந்தார்கள். விரலில் வெட்டுக்காயம் என்று சொல்லிவிட்டேன். காயம் எதுவும் இல்லை. அன்று சாயந்திரம் ஜெயபாய் என்னிடம், “நீயே வாங்கித் துவைட்டி. கஞ்சியை மட்டும் லேசாப் போடு. கெட்டியாப் போட்டா மடிப்புல முறிஞ்சிரும்” என்கிறாள். ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிக் கம்பெனியில் நாள் முழுக்க வெள்ளைத் துணி மடித்துவிட்டு வந்து, ஆலயத்துத் துணிக்காகவும் கவலைப்படுகிறவள் அவள்.

பத்மாசனி மாமிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மதில் பக்கம் கூப்பிட்டு, “நான் வேணா உங்க ஐயர்கிட்ட வந்து, அவ தொட்டிலும் கட்டலை ஒண்ணும் கட்டலைன்னு சொல்லிடட்டுமா? உங்க சபையிலே எனக்கு என்ன தண்டனை குடுத்துட முடியும்?” என்றார்கள். சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு அழுதேன். நம் வேதத்தைச் சேராதவர்கள் பொய் சொல்லத் தயாராக நிற்கிறார்கள். நீ பக்குவமாக எழுதுவேன் என்கிறாய்.

எட்டாம் வகுப்பையே தாண்டாதவள் நான். வேதப்புத்தகத்தைப் பார்த்து எழுதித்தான் என் எழுத்தைத் திருத்திக்கொண்டேன். உன் கட்டுரை எனக்கு முழுசாய் விளங்காது. ஆனால் ஐயர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தபோது ஒரு காரியத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. அன்றைக்கு ஜெயபாய் கதையைச் சொல்லி முடித்ததும் என்ன கேட்டாள் என்று ஞாபகம் இருக்கிறதா? “சின்னவரே, இது பாவமா? நான் சாவுததுக்கு முந்தி யாராவது ஒரு ஐயர் சொன்னாத் தேவல” என்றாள். நீ எழுந்தாய். அவள் தலையில் கை வைத்தாய். ஆராதனையில் சொல்கிற பாவ மன்னிப்பின் வார்த்தைகளைத்தான் சொன்னாய். நான் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றேன். மாமிகூடப் படியில் எழுந்து நின்று கை கூப்பினார்கள்.

அது ஆராதனை, தம்பி. அங்கியோடு நின்றவனிடம்தான் அவள் சொன்னாள். அதில் நீ குறித்துக்கொண்டு போவதற்கு ஒன்றும் இல்லை.

ஐயருக்கு எழுது. அவள் இல்லை என்று எழுது. வேறு எதுவும் எனக்கு இப்போது கேட்கத் தெரியவில்லை.

பரிபூரணம்


யார்க்ஷயர்
2 ஆகஸ்டு 1989

அக்கா,

நீ எழுதியது உண்மை. அந்த ஜெபத்தை நான் மறக்கவில்லை. முதல் கடிதத்தில் அதைத் தொடாமல் சுற்றிப் போனேன். நீ தொடமாட்டாய் என்று நினைத்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கட்டுரை வருமுன்பே அந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண், “நீங்கள் இதை எங்களிடம் சொல்வது அந்த அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். குறும்பாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஆய்வு நெறியைப் பற்றி நீளமாகப் பேசினேன். அவள் எழுதிக்கொண்டாள். நான் அங்கே தவறாக ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

உன் அடுப்படியில் ஜெயபாய் அக்காவின் தலையிலிருந்து கையை எடுத்த அந்த நிமிஷமே எனக்குள் இன்னொருவன் விழித்துக்கொண்டான், அக்கா. எத்தனை வருஷமாய்த் தேடிய சான்று இது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ‘ஆமென்’ சொன்ன வாயாலேயே, “எந்த மரம், ஜெயபாய் அக்கா? தொட்டில் என்ன துணியில் கட்டினீர்கள்?” என்று கேட்டேன். என் அக்கறை என்று நினைத்து அவள் எல்லாம் சொன்னாள்.

ஐயரின் கடிதம் போன வாரம் வந்தது. நீ சொன்னபடி பதில் எழுதி நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன். உங்கள் சபையில் அப்படி ஒருத்தி இல்லை, பல ஊர்களில் கேட்டதை ஒன்றுசேர்த்து ஒரு பெண்ணாக எழுதினேன், திருமதி ஜெயபாய்க்கு இதில் சம்பந்தமில்லை என்று எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் வேறொரு கடிதம் எழுதினேன். திருமதி ஜெயபாய் குருவானவனிடம் அறிக்கையிட்டதைக் குருவானவனே வெளியிட்டான், குற்றம் என்னுடையது, அவர்களுக்கு மன்னிப்பு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது, சபை மறுபடி விசாரிக்க ஒன்றுமில்லை என்று எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன். அப்படி ஒரு கடிதம் இங்குள்ள பேராயர் கைக்குப் போனால் நான் அங்கியைக் கழற்ற வேண்டி வரும். பொய்க் கடிதத்துக்கு அந்தப் பயம் இல்லை. ஐயருக்கு எழுதியது இங்கே யாருக்குத் தெரியப்போகிறது?

நீ கேட்டதால் பொய் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஞானசிகாமணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
21 ஆகஸ்டு 1989

தம்பி,

நேற்றுக் கமிட்டி கூடியது.

உன் கடிதம் முந்தின நாளே ஐயர் கைக்கு வந்துவிட்டது. எல்லோர் முன்னிலையிலும் பிரிக்க வேண்டும் என்று ஒட்டியபடியே மேஜைமேல் வைத்திருந்தார். அந்த வெளிநாட்டுத் தபால்தலையைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. பிரித்தால் முடிந்தது என்று இருந்தேன்.

முதலில் ஜெயபாயைக் கூப்பிட்டார்கள். ஐயர் நல்ல மனுஷர், அவரால் நேரே கேட்க முடியவில்லை. தங்கச்சாமி அண்ணன்தான் கேட்டார்: “சுத்தி வளைக்காம சொல்லும்மா. அது நீயா, இல்லையா?”

நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். கடிதம் இருக்கிறது, பேசாமல் இரு என்று தலையை ஆட்டினேன். அவள் பார்க்கவில்லை.

“நாந்தான்” என்றாள். “எட்டு வருசம் ஆண்டவர்ட்டதான் கேட்டேன். எங்க மாமியா அவியளுக்கு வேற பொண்ணு பாக்க ஆரம்பிச்சிட்டாவ. பொறவு யார்ட்டப் போய்க் கேக்கன்னு தெரியல. ஒத்தையில செண்பகத்தோப்பு அம்மன் கோயிலுக்கு நடந்து போயி, என் சேலைத் தலைப்பைக் கிழிச்சித் தொட்டில் கட்டுனேன். பிள்ளை உண்டாச்சு. யாரு குடுத்தாவன்னு எனக்குத் தெரியாது. ஞானஸ்நானம் இங்கதான் குடுத்தேன்.”

வெளியே சைக்கிளில் ஐஸ்காரன் போனான்.

“இத்தனை நாளு ஏம்மா சொல்லல?” என்றார் ஐயர்.

“யாரும் கேக்கலையே ஐயா.”

தங்கச்சாமி அண்ணன், “அப்போ டாக்டர் கடுதாசிய எதுக்குப் பிரிக்கணும்? சரி, பிரிச்சித்தான் பாருங்க” என்றார். ஐயர் பிரித்தார். சத்தமாகத்தான் வாசிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு பெண் இல்லை என்ற இடம் வந்ததும் சத்தம் குறைந்துபோயிற்று. பல ஊர்களில் கேட்டது என்றது காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. சம்பந்தமில்லை என்றதை உதட்டால்தான் வாசித்தார்.

“அப்போ இந்தா நிக்கிதே, இது யாரு? இல்லாத பொம்பளையா?” என்று தங்கச்சாமி அண்ணன் சிரித்தார். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

அப்போது ஜெயபாய் சொன்னாள்: “சின்னவரு என் மேல உள்ள எரக்கத்துல எழுதிட்டாவ. அந்தப் பொய்யையும் நான் செஞ்சதாவே வச்சிக்கிடுங்க ஐயா.”

நான்தான் எழுதச் சொன்னேன் என்று அந்த இடத்தில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். எழவில்லை. மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு இதுதான். வருஷக் கடைசி வரை அவளுக்குத் திருவிருந்து விலக்கு. ஜனவரியில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையன்று சபை முன்னால் நின்று அறிக்கை செய்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். உன்னைப் பற்றி ஐயர் சொன்னது, “டாக்டர் ஐயா பெரிய இடத்தில் இருக்கிறவர், பல ஊர் பார்க்கிறவர், ஏதோ மறதி.” அவ்வளவுதான். கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

அவள் மகள் கிருபை அம்மாவைக் கூட்டிப்போக வந்து வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வழியெல்லாம் ஜெயபாய் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டே வந்தாள். தெருமுனை வந்ததும் அந்தப் பிள்ளை, “ஒரு சாமிகிட்டக் கேட்டுக் கிடைக்காம ரெண்டு சாமிகிட்டக் கேட்டு வாங்குற அளவுக்கு நான் என்னம்மா பெரிய ஆளு?” என்றாள். ஜெயபாய் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். அதன்பிறகு அவர்கள் இரண்டு பேருக்குள்ளும் ஒரு பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது. எனக்குக் குறையவில்லை.

பரிபூரணம்


யார்க்ஷயர்
18 அக்டோபர் 1989

அக்கா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. எழுத உட்கார்வேன். எழுந்துவிடுவேன்.

பதவி உயர்வு கிடைத்துவிட்டது. துறையில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். தலைவர் அந்தக் கட்டுரையின் பெயரைச் சொல்லியே வாழ்த்தினார். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாதே என்றுதான் எழுதுகிறேன்.

அதே வாரம் வேதமாணிக்கம் ஐயரின் கடிதமும் வந்தது. ஜனவரி ஏழாம் தேதி பிரதிஷ்டைப் பண்டிகைக்கு நான் வர வேண்டுமாம். சபையின் மகன், முதல் டாக்டர், பிரசங்கமும் நானே, திருவிருந்து நடத்துவதும் நானே என்று எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: அன்றைக்கு ஒரு சகோதரியின் அறிக்கையைக் கேட்டு அவரைச் சபையில் மறுபடி சேர்க்கிற சிறு ஒழுங்கும் உண்டு, அதையும் நானே நடத்தினால் ஆசீர்வாதமாக இருக்கும் என்று.

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லையா, புரிந்துதான் எழுதினாரா என்று பலமுறை படித்துப் பார்த்தேன். புரியாமல்தான் எழுதியிருக்கிறார். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஜெயபாய் அக்கா என் முன்னால் மண்டியிட வேண்டும். நான் மேலே நின்று, நீ செய்த பாவத்துக்காக வருந்துகிறாயா என்று கேட்க வேண்டும்.

அந்த வாரத்தில் வகுப்புகள் இருக்கின்றன என்று எழுதிவிடலாம். இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் விடுப்புக் கேட்டால் கிடைக்கும். வருவதா வேண்டாமா என்று நீ சொல். நீ சொன்னபடி செய்கிறேன்.

ஞானசிகாமணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
5 நவம்பர் 1989

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதவி உயர்வைக் கேட்டு அத்தான் சந்தோஷப்பட்டார்கள். அப்பா இருந்திருந்தால் ஆலயத்தில் ஸ்தோத்திர காணிக்கை படைத்திருப்பார்கள். நான் படைக்கவில்லை. எந்தக் காரியத்துக்காக என்று சொல்லிப் படைப்பது?

நான் சொன்னபடி செய்கிறேன் என்கிறாய். போன தடவை நான் சொன்னபடி செய்துதான் நாம் இங்கே வந்து நிற்கிறோம். இந்தத் தடவை நான் சொல்லப்போவதில்லை. இங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன வாரம் ஐயர் வீட்டுக்குப் போனேன். ஐயரம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். குடிக்கவில்லை. “ஐயா, டாக்டர் எழுதின கடிதம் மறதியில் எழுதினதில்லை. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். அவள் இல்லை என்று எழுதச் சொல்லி இரண்டு கடிதம் போட்டேன்” என்றேன். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, “நீங்களுமா?” என்றார். எத்தனையோ வருஷமாய்ச் சங்கத்தை நடத்துகிறவள், சபையில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்கிறவள். அந்த ஒரு வார்த்தையை நான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சுமந்துகொண்டு வந்தேன்.

எனக்கும் விலக்கு. உன்னை அழைத்ததில் மட்டும் மாற்றம் இல்லை என்றுவிட்டார். இன்றைக்கு முதல் ஞாயிறு. பெஞ்சில் ஜெயபாயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் தாண்டிப் போனார்கள். அவள் என் காதில், “காலை இன்னும் ஒதுக்கிக்கோட்டி, தங்கச்சாமி அண்ணன் தடுக்கி விழுந்துட்டா அந்தப் பாவமும் நம்ம தலையிலதான்” என்றாள். ஆராதனை நடுவில் எனக்குச் சிரிப்பு வந்து, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டேன். ஐயரம்மா நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஜனவரியில் அறிக்கை செய்யப் போகிறவர்கள் இப்போது இரண்டு பேர்.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கிழித்துப் போட்ட கடிதத்தைப் பற்றி நீ முன்பு எழுதியதையும் சொன்னேன். எரிச்சல்படுவாள், இரண்டு வார்த்தை திட்டுவாள், எனக்கும் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். அவள், “சின்னவரு கையால வாங்குனா எனக்கு ஒரு கொறைச்சலும் இல்ல. அன்னைக்கு என் தலையில வச்ச கை அது. அது நெசமாத்தான் இருந்துச்சு. பொறவு அவிய என்ன எழுதுனா என்ன?” என்றாள். தம்பி, அவள் உன்னை மன்னித்துவிட்டாள். அதனால் எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் இன்னும் கூடித்தான் போயிருக்கிறது. உனக்கு இதைச் சுலபமாக முடித்துக் கொடுக்க அவள் தயாராக இருக்கிறாள். நீ அங்கி போட்டு வந்து நின்றால் போதும். சபை கைகூப்பும். ஐயர் மாலை போடுவார். இரண்டு பொம்பளைகள் மண்டியிட்டுப் பாவத்தைச் சொல்வார்கள். நீ மன்னிப்பு வாசிப்பாய்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த வாசிப்புக்கு முன்னால் நீ கீழே இறங்கி எங்களோடு சபை முகத்தைப் பார்த்து நின்று, அவள் ஒரு குருவானவனிடம் சொன்னதைத்தான் நான் எழுதினேன், பிறகு இல்லை என்று பொய்யும் எழுதினேன் என்று உன் வாயால் சொல்வாயா? சொன்னால் உன் பேராயர் காதுக்குப் போகலாம். உன் அங்கியும் போகலாம், பதவியும் போகலாம். அதை நான் சின்ன காரியமாக எண்ணவில்லை. வன்னியம்பட்டியிலிருந்து நீ ஏறிப்போன ஒவ்வொரு படியையும் பார்த்தவள் நான். அதனால்தான் சொல்லச் சொல்லாமல் கேட்கிறேன்.

சொல்ல முடியாது என்றால் வர வேண்டாம். வகுப்பு இருக்கிறது என்று ஐயருக்கு எழுதிக்கொள். ஆனால் அது உண்மையா என்று அவர் என்னிடம் கேட்டால், இந்தத் தடவை நான் மின்விசிறியைப் பார்க்கமாட்டேன்.

பண்டிகை நோட்டீஸ் இம்மாதக் கடைசியில், அட்வெந்துக்கு முன்னால், அச்சுக்குப் போகிறது. உன் பெயரை எங்கே போடுவது என்று ஐயர் என்னிடம் கேட்டிருக்கிறார். சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா
பரிபூரணம்